நான்காம் வேற்றுமையும் ஒரு மொரிஸ் மைனரும்

இறக்குமதித் தடையால் புது வாகனங்கள் நாட்டுக்குள் வராமல் நின்ற வருஷங்களில், மாத்தளையில் பல வீட்டுக் கொட்டில்களிலிருந்து பழைய கார்கள் வெளியே வந்தன. அதுவரை கோழிகள் அடைந்திருந்த கார்கள், விறகு அடுக்கியிருந்த கார்கள், அப்பாவின் ஞாபகம் என்று சொல்லி மகன்மார் எட்டிக்கூடப் பார்க்காத கார்கள். எல்லாவற்றுக்கும் திடீரென்று மரியாதை வந்தது. நான் கடைசியாக வேலை பார்த்த கராஜில் இப்போது மின்வேலைக்குப் பொறுப்பாக இருக்கும் சுதர்சன் போன வாரம் தொலைபேசியில் அழைத்தான்.

“பாஸ், ஒரு மொரிஸ் மைனர் வந்திருக்கு. லைட் போட்டா ஷோர்ட் ஆகுதாம். இதுல ஸ்கேனர் மாட்டுற எடம் எங்க இருக்கு?”

“இல்லப்பா.”

“அப்ப ஃபோல்ட எப்படிங்க பார்க்குறது?”

“மூக்கால.”

“வெளையாடாதீங்க பாஸ். எழுதியாவது அனுப்புங்க.”

எழுதி அனுப்பினேன். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் விஷயம்தான். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் நான் எழுதாமல் விட்ட பொருள் ஒன்று உண்டு. அது பயம். பயத்துக்கு வயர் நிறமோ எண்ணோ கிடையாது என்பதால் செய்முறைக் குறிப்பில் அதைச் சேர்க்க முடியவில்லை. இங்கே சேர்க்கிறேன்.

அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு செய்தி. அவற்றில் ஹோர்னுக்கு ஃபியூஸ் உண்டு. வைப்பருக்கு உண்டு. ஹெட்லைட்டுக்கும் பின் விளக்குக்கும் ஃபியூஸ் கிடையாது. இருட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபியூஸ் எரிந்து விளக்கு அணைந்தால் ஆபத்து என்று வடிவமைத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். ஆகவே விளக்கு அணையாது, வயர் எரியும். வயர் எரிந்தால் அதோடு கட்டியிருக்கும் மற்ற வயர்களும் எரியும். மைனரின் பெற்றோல் தாங்கி டிக்கியின் தரைக்குக் கீழே இருக்கிறது. பின் விளக்குக்குப் போகும் சிவப்பு வயர் டிக்கிக்குள்ளே ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தகரம். இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒருவன் பயப்படாமல் அந்தக் காரில் கை வைத்தால், அவனைக் கராஜுக்குள் விடக் கூடாது என்பது என் கட்சி.

கண்டியில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தேன். அங்கே ஓமின் விதியைக் கற்றுத் தந்தார்கள். பிறகு ஒரு பஸ் டிப்போவின் வேர்க்‌ஷொப்பில் சேர்ந்தேன். அங்கே ஜயசேன போர்மன் இருந்தார். ஓமின் விதிக்கு அங்கங்கே விதிவிலக்குகள் உண்டு. ஜயசேன போர்மனுக்குக் கிடையாது.

மெலிந்த மனிதர். கிரீசுக்கும் கரிக்கும் நடுவில் வெள்ளைச் சட்டை போட்டு, வேலை முடியும்வரை வெள்ளையாகவே வைத்திருப்பார். குரலை உயர்த்தமாட்டார். தாய்மொழி சிங்களம். தமிழை வயது வந்த பிறகு, வவுனியாவில் வேலை செய்த காலத்தில், இலக்கணத்தோடு கற்றவர். விளைவாக, பிறந்ததிலிருந்து தமிழ் பேசிய எங்கள் எல்லோரையும்விட அவர் தமிழில் உருபுகள் ஒழுங்காக இருந்தன. இது எங்களுக்குப் பெரிய தொல்லை.

வண்டிகளில் எர்த் என்பது பாடியின் இரும்புதான். சேர்ந்த புதிதில் ஒரு பஸ்ஸின் கீழிருந்து எழுந்து, கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு சொன்னேன்.

“சேர், எர்த் போகுது.”

“என்ன போகுது?”

“எர்த் சேர்.”

“எங்க போகுது? அதுக்கு பஸ் டிக்கட் எடுத்தாச்சா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“வயர் எர்த்துக்குப் போகுதா? இல்ல, எர்த் வயரே போச்சா? மொதலாவது ஷோர்ட். அதுக்கு வயர விலக்கணும். ரெண்டாவது, எர்த் கெடைக்கல. அதுக்குப் புதுசா வயர் போடணும். நீ ‘க்கு’வ முழுங்கிட்டா நான் விலக்கணுமா, போடணுமா?”

நான்காம் வேற்றுமையைப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காகப் படித்திருந்தேன். அது ஒரு பஸ்ஸை எரிக்கவோ எரிக்காமல் விடவோ கூடிய சாமான் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து என் வாயில் அந்த ‘க்கு’ தவறியதில்லை. மற்றவர்கள் தொடர்ந்து முழுங்கினார்கள். மாத்தளைப் பக்கத்துக் கராஜ்களில் இன்றைக்கும் இரண்டு கோளாறுக்கும் ஒரே பெயர்தான்: எர்த் போகுது.

பிறகு ஒருநாள் எரிந்த பஸ் ஒன்றை இழுத்து வந்தார்கள். போன ஃபியூஸுக்குப் பதிலாக யாரோ சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஆள் சேதம் இல்லை. டாஷ்போர்ட் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு குகை இருந்தது. போர்மன் கருகிய வயர் கட்டை வெட்டி எடுத்து, எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவர் மூக்குக்கு அருகிலும் பிடித்தார். “நல்லா இழுங்க,” என்றார். கருகிய பருத்தியும் ரப்பரும் கலந்த, கொஞ்சம் இனிப்பான நாற்றம். பிறகு நடைமுறையைச் சொன்னார். முதலில் பேட்டரியின் எர்த் பக்கத்தைக் கழற்று. கழற்றிய இடத்தில் ஒரு பல்பைத் தொடராக மாட்டு. வயர் எங்கேயாவது ஷோர்ட் ஆகி இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். ஆனால் பல்ப் விடுகிற மின்சாரத்துக்கு மேல் ஓடாது என்பதால் வயர் எரியாது. பிறகு தேடு. ஷோர்ட் விலகினால் பல்ப் மங்கும்.

“பஸ்ஸுக்குள்ள ஆள் இருந்தா சேர்?” என்று ஒருவன் கேட்டான்.

“அப்பவும் மொதல்ல பேட்டரி. அதுக்குப் பிறகுதான் ஆள். ஆள இழுக்குற நேரத்துல நெருப்புக்கு நீ சாப்பாடு போட்டுக்கிட்டு இருக்க.”

கேட்க நன்றாக இருந்தது. எரியும் பஸ் பக்கத்தில் இல்லாதபோது எல்லா நடைமுறையும் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன் நடந்ததை இனிச் சொல்கிறேன்.

மஹ்ரூப் ஹாஜியார் மாத்தளையில் மிளகும் ஏலமும் வாங்கி விற்றவர். முதுமையில் வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டு, பல்லேகமப் பக்கம் இருந்த காணியில் மனைவியோடு குடியேறினார். அவருடைய சாம்பல் நிற மைனர் என் கையில் வளர்ந்த கார். ஒருநாள் அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தார். லைட் போட்டால் கருகிய மணம் வருகிறது, பின் விளக்கு கண் சிமிட்டுகிறது என்றார். கேட்டதுமே விளங்கிவிட்டது.

“ஹாஜியார், பின்னால போற வயர் எங்கயோ பாடியில பட்டு எர்த்துக்குப் போகுது. லைட் போடாதீங்க. வழியில யார்கிட்டயாவது காட்டினா, வயர் எர்த்துக்குப் போகுதுன்னு சொல்லுங்க. எர்த்துக்கு.”

“வெளங்கிட்டு பாஸ். எர்த்துக்கு.”

சில வாரங்களில் ராத்தா, அதாவது ஹாஜியாரின் மனைவி, கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். ராத்தா என்றால் அக்கா; ஊரில் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். மாத்தளை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, காலில் கட்டோடு வீட்டுக்குப் போகும் நாளில் ஹாஜியார் என்னைத் துணைக்கு அழைத்தார். ஏற்ற இறக்க ஒரு கை வேண்டும். வேன் பிடிக்கலாமே என்றேன்.

“வேன்ல ஏறினா எனக்கு சத்தி,” என்றார் ராத்தா கட்டிலில் இருந்தபடி, வாந்தியை நினைத்து முகத்தைச் சுளித்து. “ஒடஞ்ச காலோட சத்தியும் எடுக்க ஏலாது. ஏதாச்சும் ஒண்டுதான் ஏலும்.”

மைனருக்கு இரண்டே கதவு. பின் சீட்டில் இருப்பவர் இறங்க வேண்டுமானால் முன் சீட்டை மடித்து, அந்த இடுக்கு வழியாகத்தான் வெளியே வரவேண்டும். நல்ல காலுள்ளவருக்கே அது ஒரு தேகப்பயிற்சி. நானும் ஹாஜியாரும் ஆஸ்பத்திரி முற்றத்தில் ராத்தாவைப் பின்னால் ஏற்றி, கட்டுப்போட்ட கால் சீட்டின் குறுக்கே நீளும்படி உட்கார வைத்து முடிக்கும்போது மூன்று பேருக்கும் வியர்த்துவிட்டது.

லைட் வேலை பார்த்தாயிற்றா என்று கேட்டேன். வழியில் ரத்தோட்டையில் ஒரு மெக்கானிக் பாஸ் செய்து தந்துவிட்டார் என்றார் ஹாஜியார். என் பையில் தொடர் பல்ப் எப்போதும் இருக்கும். ஹோல்டரில் மாட்டிய பல்ப், இரண்டு நீளமான வயர், முனையில் கிளிப். பொனட்டைத் திறந்து அதை மாட்டி, லைட்டைப் போட்டுப் பார்த்தேன். பல்ப் மங்கலாக, ஒழுங்காக எரிந்தது. காரைக் குலுக்கினேன். அப்போதும் மங்கல்தான். ஷோர்ட் இல்லை. நிம்மதியாக ஏறி உட்கார்ந்தேன். விட்டுவிட்டு வரும் ஷோர்ட் என்று ஒரு ஜாதி உண்டு. சோதிக்கும்போது மிகவும் மரியாதையாக நடந்துகொள்ளும்.

ரத்தோட்டையில் ஹாஜியார் பெற்றோல் தாங்கியை நிரப்பினார். ரிவர்ஸ்டன் மலை ஏற்றம் தொடங்கியது. ஹாஜியார் உற்சாகமாக இருந்தார்.

“அந்த ரத்தோட்டை பாஸ் மிச்சம் நல்ல மனிசன். நீங்க சொன்னத அப்படியே சொன்னேன். எர்த் போகுதாம்னு.”

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். “என்னன்னு சொன்னீங்க?”

“எர்த் போகுதுன்னு. ஒடனே பின் விளக்கு ரெண்டுக்கும் புதுசா எர்த் போட்டுத் தந்தாரு. டிக்கியில ஓட்ட போட்டு, பெரிய போல்ட் வச்சி, இறுக்கி. இனி இந்தக் கார் செத்தாலும் எர்த் போகாதுன்னாரு.”

உருபு பல்லேகமவுக்கும் ரத்தோட்டைக்கும் நடுவில் எங்கேயோ விழுந்துவிட்டது. எர்த் கிடைக்கவில்லை என்று நினைத்து அந்த மனிதர் தன் அறிவுக்குச் சரியான வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். ஏற்கனவே தோல் தேய்ந்து பாடியில் உரசிக்கொண்டிருந்த வயருக்குப் பக்கத்தில், பெற்றோல் தாங்கிக்கு மேலே, பாடியோடு சேர்த்து போல்ட் இறுக்கியிருக்கிறார். அதன்மேல் இப்போது அரிசி மூட்டையும் ஆஸ்பத்திரிச் சாமானும் இருக்கின்றன.

“ஹாஜியார், காரை ஒரு ஓரமா நிப்பாட்டுங்க.”

“இதுல எங்க ஓரம்? மேல ஏறினதும் நிப்பாட்டுறேன்.”

அவர் சொன்னதும் சரிதான். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஒன்றுமில்லை. ஏற்றம் முடிந்து சாலை இறங்கத் தொடங்கிய இடத்தில் பனிமூட்டம் எங்களை மூடியது. அங்கே அது மெதுவாக வருவதில்லை. கதவைச் சாத்தியதுபோல வரும். பகல்தான், ஆனால் பொனட்டின் நுனி தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் ஹாஜியாரின் கை பழக்கத்தில் லைட் சுவிட்சுக்குப் போய்விட்டது.

லைட் எரிந்தது. ஒரு வளைவு தாண்டினோம். இன்னொன்று. சாலையில் ஒரு பள்ளம் வந்தது. டிக்கியில் சாமான் புரண்ட சத்தம் கேட்டது. மூக்கில் அந்த இனிப்பு நாற்றம் ஏறியது.

“லைட்ட நிப்பாட்டுங்க. காரையும் நிப்பாட்டுங்க.”

நிறுத்தினார். டாஷ்போர்டுக்குக் கீழே இருந்து வெள்ளைப் புகை நூல்போல வந்தது. லைட்டை அணைத்த பிறகும் நிற்கவில்லை. தடித்தது. அதன் பொருள் எனக்குத் தெரியும். சூட்டில் சிவப்பு வயரின் தோல் உருகி, பேட்டரியிலிருந்து நேரே வரும் பழுப்பு வயரோடு ஒட்டிவிட்டது. இனிச் சுவிட்சுக்கு வேலையில்லை. பேட்டரி இருக்கும்வரை எரியும்.

ஹாஜியார் இறங்கி, தன் சீட்டை மடித்து, பின்னால் கையை நீட்டினார். “பாஸ், வாங்க, மொதல்ல ஆள எடுப்போம்.”

நான் பொனட்டைத் திறக்க ஓடினேன். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்ததை எழுதத் தெரியவில்லை. மனைவியைப் புகைக்குள் விட்டுவிட்டு இயந்திரத்தைப் பார்க்க ஓடுகிறான் என்று அவர் நினைத்தார். நினைத்ததில் குற்றமில்லை. ஸ்க்ரூட்ரைவர் முனை திருகாணியில் உட்கார மறுத்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு திருகினேன். போர்மன் சொன்ன வரிசை தப்பாக இருந்தால் என்ற எண்ணம் அன்றுதான் முதல்முறையாக வந்தது. முனை கழன்றது. பொனட்டுக்கு அப்பால் ராத்தாவின் இருமல் கேட்டது. பிறகு அவர் குரல்.

“பொக நிண்டுட்டு.”

ஆனால் இப்போது நாங்கள் வளைவுக்குச் சற்றுக் கீழே, இறக்கத்தில், பனிக்குள், ஒரு விளக்கும் இல்லாத சாம்பல் நிறக் காரோடு நின்றுகொண்டிருந்தோம். மாத்தளையிலிருந்து பல்லேகமவுக்கு ஒரு பஸ் உண்டு. ரத்தோட்டையில் அதை நாங்கள் முந்தி வந்திருந்தோம்.

“ஹாஜியார், ஃபோன்ல டோர்ச்சப் போட்டுக்கிட்டு மேல நடங்க. பஸ் வந்தா கைகாட்டி நிப்பாட்டுங்க. மலைப் பக்கமாவே நடங்க.”

அவர் மனைவியைப் பார்த்தார்.

“போங்க,” என்றார் ராத்தா. “நான் இங்கதான் ஈக்கிறேன், எங்கயும் போக மாட்டேன்.”

அவர் போனார். பத்தடிக்குள் டோர்ச் வெளிச்சம் மறைந்துவிட்டது. எனக்குத் தெரியாத டோர்ச் பஸ் சாரதிக்கு எப்படித் தெரியும்?

ராத்தாவைத் தனி ஆளாக அந்த இடுக்கு வழியே வெளியே எடுக்க முடியாது. காரை உருட்டவும் முடியாது. உருண்டால் யார் திருப்புவது, எங்கே திருப்புவது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். வயர்கள் ஒட்டிக்கொண்டதால், ஷோர்ட்டை விலக்கிப் பேட்டரியைக் கொடுத்தால் சுவிட்ச் இல்லாமலே அது எரியும்.

டிக்கியைத் திறந்தேன். கைக்கு எட்டிய சாமானை அள்ளி ரோட்டில் போட்டேன். இடது பக்கத்தில் புத்தம் புதிய போல்ட் பளபளத்தது. அதன் வாஷருக்குக் கீழே சிவப்பு வயர் நசுங்கி, செம்பு தெரிந்தது. பேட்டரி கழன்றிருப்பதை மனதுக்குள் மறுபடி சொல்லிக்கொண்டு போல்ட்டைத் தளர்த்தி, வயரை இழுத்து, டேப் சுற்றினேன்.

“பாஸ்,” என்றார் ராத்தா முன்னே பார்த்தபடி. “ஒரு விசயம் சொல்லுங்க. நான் எரியப் போறேனா, இல்லாட்டி அடிபட்டுப் போகப் போறேனா? ரெண்டுக்கும் ஓதுறது வேற வேற.”

“பொதுவா ஏதாச்சும் ஓதுங்க ராத்தா.”

“சரி.”

முன்னே ஓடி, தொடர் பல்பைப் பேட்டரிக்கும் கழற்றிய முனைக்கும் நடுவில் கோர்த்தேன். நான் டிக்கியில் இருக்கும்போது அது எப்படி எரிகிறது என்று சொல்ல ஆள் வேண்டும்; நீளமான வயர் என்பதால் பல்பை ஜன்னல் வழியாக உள்ளே கொடுக்க முடிந்தது. ராத்தா ஹோல்டரைக் கையில் வாங்கினார். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்து அவர் முகத்தை வெள்ளையாக்கியது.

முழு வெளிச்சம். இன்னும் ஷோர்ட்.

ரெண்டுக்கும் போட்டுத் தந்தாரு என்று ஹாஜியார் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. வலது பக்கத்திலும் ஒரு போல்ட். சூட்டில் அங்கேயும் தோல் இளகியிருக்க வேண்டும். டிக்கிக்கு ஓடினேன். வலது மூலையில் மீதிப் பைகளுக்கு அடியில் கையை விட்டேன். விரல்கள் நனைந்தன.

பெற்றோல் ஊற்றும் குழாய் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. தாங்கி நிறைந்திருக்கிறது. போல்ட்டில் மின்சாரம் நிற்கிறது. பல்ப் வயரைக் காக்கும், பொறியைத் தடுக்காது. வயரை விலக்கும் கணத்தில் ஒரு சின்னப் பொறி வரும். பெற்றோல் ஆவிக்கு அது போதும். கையை மூக்கருகே கொண்டுவர வேண்டும், கொண்டுவரப் பயமாக இருந்தது. அப்போது மேலே பனிக்குள் எஞ்சின் சத்தம் கேட்டது. பெரிய வண்டி, சின்ன கியரில் இறங்கி வரும் உறுமல்.

முகர்ந்தேன். புளித்த வினிகர்.

“ராத்தா, டிக்கியில என்ன வச்சீங்க?”

“அச்சாறு. ஆஸ்பத்திரிக்கு மருமக கொண்டு வந்தது. ஊத்திட்டா?”

அச்சாறு ஊற்றியிருந்தால் பெற்றோல் ஊற்றவில்லை என்று நினைக்க அந்த நேரத்து மனம் துடித்தது. அது நியாயமான முடிவு அல்ல. இரண்டும் ஊற்றியிருக்கலாம். முன்னே ஓடிப் பேட்டரியைக் கழற்ற நேரமில்லை.

“ராத்தா, கையில இருக்குற பல்ப முந்தானையால புடிச்சி, அமத்தி, திருப்பி, கழட்டுங்க.”

“சுடுது.”

“சுடும். கழட்டுங்க.”

காருக்குள் வெளிச்சம் அணைந்தது. காரில் ஒரு துளி மின்சாரம் இல்லை. என் வேலைக்காலம் முழுவதும் நான் நம்பிய எந்த சுவிட்சும் அவ்வளவு சொன்னபடி கேட்டதில்லை. போல்ட் இறுக்கமாக இருந்தது. இறுக்கியவர் மனசாட்சியுள்ள மனிதர். ஸ்பேனர் வழுக்கியது, விரல் முட்டியில் தோல் போனது. உறுமல் வளைவுக்கு மேலே வந்துவிட்டது. ஹாஜியாரின் குரல் எதுவும் கேட்கவில்லை. போல்ட் இளகியது. வயரை உருவினேன். டேப் சுற்ற நேரமில்லை. என் கைக்குட்டையைச் சுற்றித் திணித்தேன்.

“இப்ப பல்பப் போடுங்க.”

நேரம் போனது. உடைந்த காலோடு, முந்தானையால் பிடித்து, ஒரு சூடான பல்பை ஹோல்டரின் இரண்டு காதிலும் பொருத்துவது லேசான வேலை இல்லை.

“போட்டாச்சு. மங்கலா எரியுது.”

நான் கேட்டதிலேயே நல்ல வாக்கியம் அது. கீழே குனிந்து பார்த்தேன். பின் விளக்குகள் இரண்டிலும் நெருப்புத் தணல்போல ஒரு சிவப்பு. பல்ப் பாதி மின்சாரத்தைத் தின்கிறது. அந்தப் பனிக்கு இந்தத் தணல் போதாது. டிக்கி மூடியைச் சாத்திவிட்டு முன்னே ஓடினேன். கழற்றிய முனையைப் பேட்டரியில் நேராக வைத்து உள்ளங்கையால் அமுக்கினேன்.

காருக்குள்ளிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

“பாஸ், போச்சு.”

என்ன போச்சு, எங்கே போச்சு, எதற்குப் போச்சு, ஒரு உருபும் இல்லை. அமுக்கிய கையை எடுக்கப் பார்த்தேன். எடுத்திருந்தால் எல்லாம் அணைந்திருக்கும். பிறகு விளங்கியது. முனை நேராகத் தொட்டதும் தொடர் பல்புக்கு வேலை போய்விட்டது. அது அணையத்தான் வேண்டும். அவர் கையில் வெளிச்சம் போனது, காருக்குப் பின்னால் முழு வெளிச்சம் வந்ததால்.

“பின்னால பாருங்க ராத்தா. பின்னால என்ன தெரியுது?”

“பனியெல்லாம் செவப்பா ஈக்குது,” என்றார். உடனே, “அல்லாஹ்வே, அதுக்குள்ள ஒரு பஸ்.”

பிரேக்கின் கிரீச்சொலி வந்தது. நீண்டுகொண்டே வந்தது. உள்ளங்கையை முனையில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் அதற்கு மேல் ஒரு படி இல்லை. சத்தம் நின்றது. கார் அசையவில்லை. பஸ்ஸின் எஞ்சின் காருக்குப் பின்னால் எங்கேயோ மூச்சு வாங்கியது.

சாரதி இறங்கி வந்தார். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. சிவப்பாக என்னவோ தெரிந்ததும் மிதித்தேன் என்று சிங்களத்தில் சொன்னார். மேலே ஒருவர் டோர்ச்சோடு நின்றாரே, பார்க்கவில்லையா என்று கேட்டேன். யாரையும் பார்க்கவில்லை என்றார். சொன்ன பிறகு அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருவரும் மேலே திரும்பினோம். வெள்ளைச் சுவர்தான் இருந்தது.

என்னால் கையை எடுக்க முடியவில்லை. பின்னால் பஸ் நிற்பதால் இனி ஆபத்தில்லை என்று கைக்கு இன்னும் விளங்கவில்லை. சாரதி நடத்துனரை மேலே அனுப்பினார். பயணிகள் ஜன்னல்களில் தலையை நீட்டிப் பார்த்தார்கள். காருக்குள் ராத்தா ஓதத் தொடங்கியிருந்தார்.

பிறகு பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. ஓடி வந்த சத்தம், பஸ்ஸின் பின்புறத்தில் நின்றுவிட்டது. பஸ் தன்னைத் தாண்டிப் போனதையும் பிறகு பிரேக் கிரீச்சிட்டதையும் ஹாஜியார் கேட்டிருக்கிறார். பஸ்ஸுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சுற்றி வந்து பார்க்க அவரால் முடியவில்லை.

பனிக்குள் அவர் குரல் கேட்டது. அவர் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்து நான் அதுவரை கேட்டதில்லை. ராத்தாவின் பெயரே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“சுபைதா?”

அணைந்த பல்பை இன்னும் முந்தானையில் பிடித்தபடி, பின் கண்ணாடியைப் பார்த்து ராத்தா சொன்னார்.

“ஈக்கிறேன். வாங்க.”